சீம்ஸ் அக்காவுக்கு நான்தான் கிடைத்தேனா?

இங்கிலீஷில் என்னை வைது தீர்த்த ஒரே மனுஷி சீம்ஸ் அக்காதான். வெள்ளைக்காரனே திரும்பி வந்திருந்தாலும் என்னை அவ்வளவு கேவலமாகப் பேசியிருக்க மாட்டான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து சரவெடி பின்னினோம். அக்கா பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டவள். ஊர் பால்வாடியில் வேலை ஒன்று காலியாகப் போகிறது, பத்து பாஸானால் கேட்கலாம் என்று யாரோ சொல்ல, மறுபடி பரீட்சை எழுதக் கிளம்பினாள். இரண்டு கையும் சரத்தில் இருக்கும். புத்தகத்தை அறைக்குள் கொண்டுவர ஃபோர்மேன் விடமாட்டார். ஆகவே வாயால் படித்தாள். வாக்கியத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே? தலையை நிமிர்த்தினால் நான்.

“ஏட்டி மாரி, இங்கன பாரு. பேரு ஒரு வெடி. அது எப்பிடி இருக்குங்கிறது இன்னொரு வெடி. நடுவுல ரெண்டையும் சேத்துப் பிடிக்கிற திரிதான் இந்த இஸ், லுக்ஸ், சீம்ஸ் எல்லாம். மாரி சீம்ஸ் லேஸி!”

“அப்பிடின்னா?”

“நீ சோம்பேறி மாதிரித் தெரியுற.”

அறையே சிரித்து, அவளுக்குச் சீம்ஸ் அக்கா என்று பேரும் வைத்தது. என் கை அவள் கையைவிட வேகம்! அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. நாலு பேர் இருந்தால் எனக்கு நாக்கு எழாது. அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

ஆயுத பூஜைக்குப் புதுச் சுங்குடிச் சேலை கட்டிப் போனேன். “மாரி லுக்ஸ் டயர்ட்.” கொஞ்சம் சதை போட்டேன். “மாரி பிகேம் ஃபேட்.” இருக்கன்குடி கோயிலுக்குப் போக, தலை நிறையப் பிச்சிப்பூவோடு வேனில் ஏறினேன். “மாரி ஸ்மெல்ஸ் பேட்!” யாரும் அர்த்தம் கேட்கவில்லை. என் புண்ணியத்தில் அறை முழுக்க இங்கிலீஷ் தேறியிருந்தது.

ஃபோர்மேனையும் ஒருநாள் பிடித்தாள். “ஃபோர்மேன் லுக்ஸ் ஸ்டுபிட்.”

“நம்மளப் பத்தி நல்லதாத்தான் சொல்றீக போல” என்று அவர் மீசையைத் தடவினார்.

“உள்ளதச் சொன்னேண்ணே.”

அவருக்கு ஒரே ஒரு நாள். எனக்கு மட்டும் தினமுமா? இது என்ன நியாயம்?

சாத்தூரில் பரீட்சை எழுதிவிட்டு மறுநாள் வந்தாள். உட்காரும்போதே, “வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தாக. ஒம் பேரத்தான் போட்டேன்” என்றாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. எந்த ஊரிலோ உட்கார்ந்து தாள் திருத்துகிறவருக்கும் நான் சோம்பேறி, குண்டு என்று தெரிய வேண்டுமா? முதல் தடவையாக அறை அதிரக் கத்தினேன்.

“என்னத்த எழுதித் தொலச்சீக?”

“மாரி இஸ் பியூட்டிஃபுல்.”

எல்லார் கையும் நின்றுவிட்டது.

“இம்புட்டு நாளும் ஒரு தடவகூடச் சொல்லலயே! அங்கன போயி எதுக்குப் பொய் எழுதுனீக?”

“ஏட்டி, பாஸாகணும்னு போனவ பரிச்சையில பொய் எழுதுவாளா?”

பாஸானாள். பால்வாடிக்குப் போய்விட்டாள். அவள் இடத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண். நான் எப்படி இருக்கிறேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தக் கோபமும் சீம்ஸ் அக்கா மேல்தான்.