வலம் வந்த எட்டு ரெசிஸ்டர்கள்

செங்கம் சாலை, திருவண்ணாமலை.
6 மார்ச் 2025, வியாழக்கிழமை, காலை 11 மணி 40 நிமிடம்.
போர்டுகள் மொத்தம் ஐந்து. தப்பானவை நான்கு. சரியானது ஒன்று. (நீங்கள் ஊரில் இதை மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். காரணம் கீழே.)

மரியாதைக்குரிய கோதண்டராமன் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை மகன் மாறன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். நேற்று என்னைத் திட்டிய குரலிலேயே அது தெரிந்தது. அருணாதேவி அத்தையின் முழங்கால் வலி தேவலையா என்று கேட்டதாகச் சொல்லவும்.

"வாயால சொல்லாதடா. எழுதிக் குடு. யார் மேல தப்புன்னு முதல் வரியிலயே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஐந்து போர்டையும் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டீர்கள். முப்பது வருஷம் தாலுகா ஆபீஸ் உத்தியோகம் பார்த்தவர், அப்படித்தான் கேட்பீர்கள். எழுதுகிறேன். தப்பு நம் இரண்டு பேர் மேலும்தான். உங்கள் பங்கு கம்மி, என் பங்கு ஜாஸ்தி. வருகிற 13ஆம் தேதி பௌர்ணமி கிரிவலம். அடி அண்ணாமலையில் நம் ஐந்து தண்ணீர்ப் பந்தலுக்கும் அன்றைக்குத் தொட்டி தானாக நிரம்ப வேண்டும், நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது அந்தப் போர்டுகள்தான், அதற்குப் பீரோ திறக்க வேண்டும். அதனால் பொறுமையாகப் படியுங்கள். எனக்குப் பொறுமை கிடையாது, உங்களுக்கு உண்டு.

ஒரு போர்டு செய்ய இரண்டு படம் வேண்டும். சர்க்யூட் படம், எதற்கும் எதற்கும் தொடர்பு என்று சொல்லும். போர்டு படம், எது எந்த இடத்தில் உட்காருகிறது என்று சொல்லும். இரண்டிலும் ஒரு சாமானுக்கு ஒரே பேர்தான் இருக்க வேண்டும். பத்திரத்தில் ஒரு பேரும் பட்டாவில் வேறு பேரும் இருந்தால் என்ன கூத்து நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தீர்த்துத்தானே உங்களுக்குத் தலை நரைத்தது. எங்கள் தொழிலிலும் அதே கூத்துதான். ஒரு படத்தில் பேரை மாற்றினால் இன்னொரு படத்துக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் தெரியப்படுத்த வேண்டும்.

போன மாதம் என் அறைக்கு வந்தீர்கள் இல்லையா, டீ குடித்துக்கொண்டே கணினியில் போர்டு படத்தைப் பார்த்தீர்கள். நடுவில் எட்டுக் கால் சிப்பு, அதைச் சுற்றிக் கரண்டை அளந்து விடும் எட்டு ரெசிஸ்டர், ஆர்-1 முதல் ஆர்-8 வரை. விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினீர்கள். ஆர்-5 வந்ததும் விரல் நின்றது. "ஏன்டா மாறா, இது இடமால்ல சுத்துது. அண்ணாமலையில குந்திக்கினு இடம் சுத்துற சாமானைச் செய்வியா? பௌர்ணமிக்கு ஓடப்போற சாமான்டா" என்றீர்கள். உலகத்தில் எல்லா சிப்புக்கும் கால்களை இடமாகத்தான் எண்ணுவார்கள், அந்த வரிசையில்தான் ரெசிஸ்டருக்கும் பேர் வைத்தேன் என்று நான் சொன்னேன். "உலகம் எப்டியோ போவட்டும், நம்ம ஊர்ல வலம்தான்" என்றீர்கள். உங்களோடு வாதாடுவதைவிடப் பேரை மாற்றுவது சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். அதுதான் என் முதல் தப்பு.

நான் மாற்றியது போர்டு படத்தில் மட்டும், ஏனென்றால் நீங்கள் பார்த்தது அதை. மாற்றியதும் மென்பொருள் கேட்டது: சர்க்யூட் படத்திலும் இதே பேரை மாற்றட்டுமா? ஆமாம், பிறகு என்று இரண்டு பொத்தான். நீங்கள் பின்னால் நின்றுகொண்டு ஆச்சா, ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள், உங்கள் ஸ்கூட்டர் வேறு வழியை அடைத்து நின்றது, கீழே கடைக்காரர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார், நான் "பிறகு" என்பதை அழுத்தினேன். அந்தப் பிறகு நேற்று வந்தது.

போர்டில் அச்சான பேர் வலமாகப் போனது. என்னென்ன சாமான் மாட்ட வேண்டும் என்ற பட்டியல் சர்க்யூட் படத்திலிருந்து வந்தது, அதில் பேர் இடமாகவே இருந்தது. உங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற சந்திரம்மாள் அக்காதான் எனக்குப் போர்டில் சாமான்களை மாட்டி ஈயம் பற்ற வைத்துத் தருகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பட்டியலைப் பார்த்து, போர்டில் பேரைப் பார்த்து, சுத்தமாக மாட்டினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இதை அடிக்கோடு போட்டுப் படிக்கவும்.

நேற்றுக் காலை ஐந்து பந்தலிலும் மாட்டி, முதல் பந்தலில் ஓட்டிப் பார்த்தோம். தொட்டி காலியாக இருக்கும்போது மோட்டார் கம்மென்று இருந்தது, நாம் குடத்தால் ஊற்றி நிரப்பியதும் ஓட ஆரம்பித்தது, நிரம்பிய தொட்டிக்கு மேலே மேலே ஏற்றியது, தண்ணீர் ரோட்டைக் கடந்து பச்சையம்மாள் அக்கா இட்லிக் கடை அடுப்புக்குள் போனது. அக்கா கரண்டியோடு வெளியே வந்து, "இன்னா மாமா, பௌர்ணமிக்கு முன்னாடியே தீர்த்தவாரியா?" என்று உங்களைப் பார்த்துத்தான் கேட்டார், என்னைப் பார்த்து இல்லை. உங்களுக்குக் கோபம் அங்கேதான் ஏறியது என்பது என் கணிப்பு. உடனே நான், காரணத்தைக் கண்டுபிடிக்காமல், மற்ற நான்கை ஓட்டியும் பார்க்காமல், ஐந்து பெட்டியிலும் மோட்டார் வயரை ஒரு திருகிலிருந்து பக்கத்துத் திருகுக்கு மாற்றினேன். போர்டு ஆமாம் என்றால் மோட்டார் நிற்கும், இல்லை என்றால் ஓடும். தலைகீழுக்குத் தலைகீழ், நேராகிவிடும் என்று கணக்கு. இது என் இரண்டாவது தப்பு.

நான்கு நேரானது. ஐந்தாவது, அதுவரைக்கும் ஒழுங்காக இருந்திருக்க வேண்டிய ஐந்தாவது, தப்பாக ஓடியது. "நாலு ஓடுது. ஒண்ணைத் தூக்கிப் போட்டுட்டு வேற செய்" என்றீர்கள். மாமா, தூக்கிப் போடச் சொன்னீர்களே, அந்த ஒன்றுதான் சரியான போர்டு.

உண்மையைச் சொன்னால் தண்ணீர் ரோட்டுக்குப் போனதைவிட இதுதான் என்னைக் குடைந்தது. ஒரே படம், ஒரே பட்டியல், ஒரே கை, இது மட்டும் எப்படி? வீட்டுக்கு வந்து பேப்பரில் வட்டம் போட்டு எண்ணிப் பார்த்தேன். இடச்சுற்றை வலச்சுற்றாக்கினால் ஆர்-1 அதே இடத்தில் நிற்கிறது, எதிரே இருக்கிற ஆர்-5உம் நிற்கிறது, மற்ற ஆறும் ஜோடி ஜோடியாக இடம் மாறுகின்றன: இரண்டு எட்டோடு, மூன்று ஏழோடு, நான்கு ஆறோடு. இதில் மூன்றும் ஏழும்தான் தொட்டி காலியா நிறைந்ததா என்று போர்டுக்குச் சொல்பவை. அதனால்தான் போர்டு சாகாமல், புகையாமல், நிதானமாகத் தலைகீழாக வேலை செய்தது. நீங்களும் ஒருமுறை வட்டம் போட்டு எண்ணிப் பாருங்கள், நன்றாக இருக்கிறது. ஆனால் ஐந்தாவது போர்டு இதில் அடங்கவில்லை. சந்திரம்மாள் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அஞ்சாவது மாட்டுறப்ப உன் பட்டியல் மேல டீ கொட்டிப்போச்சு தம்பி. எழுத்து ஒண்ணும் தெரியல. அதான் நீ முதமுதல்ல கையால செஞ்சி குடுத்தியே மாதிரி போர்டு, அதைப் பக்கத்துல வெச்சிக்கினு ரெசிஸ்டர் மேல இருக்கிற வளையத்துக் கலரைப் பாத்து மாட்டிட்டேன். மஞ்சள் ஊதா மஞ்சள் இங்க, பழுப்பு கருப்பு ஆரஞ்சு அங்க. பேரை நான் பாக்கவே இல்ல."

அதாவது பேரைப் பார்த்துச் செய்த நான்கும் தப்பு, பேரைப் பார்க்காமல் செய்த ஒன்று சரி. 

"நாலுதான் ஓடுதே, அப்டியே வுடு" என்று நீங்கள் சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. விட முடியாது. இப்போது இருக்கிற இணைப்பில் போர்டின் சின்ன ஃபியூஸ் போனால் மோட்டார் நிற்காது, நின்றுகொண்டிருப்பதும் ஓட ஆரம்பிக்கும். பௌர்ணமி அன்றைக்கு ரோட்டில் இருப்பது பச்சையம்மாள் அக்கா அடுப்பு மட்டும் இல்லை, வெறுங்காலோடு நடக்கிற இவ்வளவு ஜனம். வழுக்கி விழுந்தால் உங்களிடம் யாரும் எழுத்து மூலமாகக் கேட்க மாட்டார்கள்.

இன்று காலை சர்க்யூட் படத்திலும் பேரை வலமாக மாற்றிவிட்டேன். உங்கள் இஷ்டப்படியே இரண்டு படமும் இப்போது வலம். புதுப் பட்டியலும் எடுத்துவிட்டேன். தயவு செய்து நான்கு போர்டை மட்டும் கொடுங்கள். போர்டுக்கு ஆறு ரெசிஸ்டர், மொத்தம் இருபத்துநான்கு, போர்டில் இருக்கிற பேரைப் பார்த்து மாற்றினால் தீர்ந்தது. அதுவரை போர்டை யாரும் தொட வேண்டாம்.

அத்தைக்கும் உங்களுக்கும் என் நமஸ்காரம். அம்மா உங்களைக் கேட்டதாகவும், மருமகன்மேல் கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாமல் வேளைக்குச் சாப்பிடச் சொன்னதாகவும் எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
மாறன்

பின்குறிப்பு, 12 மணி 25 நிமிடம்: உறையை ஒட்டப் போகும்போது சந்திரம்மாள் அக்கா போன். "தம்பி, காலைல உங்க மாமா கூப்ட்டாரு. பீரோவைத் தொறந்து அஞ்சையும் எடுத்து வெச்சாரு. வம்பே வாணாம், பழைய பேரையே எழுதிடும்மான்னாரு. எல்லாத்துலயும் சின்னதா ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிட்டேன். மாமா முகத்துல இப்பதான் சிரிப்பு வந்துது."

ஆக, படம் வலம், போர்டு இடம். என் புதுப் பட்டியல்படி உங்கள் ஸ்டிக்கரைப் பார்த்து மாட்டினால், நேற்று இருந்த அதே தப்பு ஒரு ரெசிஸ்டர் குறையாமல் திரும்ப வரும். காலையில் படத்தை மாற்றியதைச் சொல்லி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அக்கா என்று கேட்டேன்.

"நீ காலைல படத்தை மாத்தினியே, யாராண்ட சொன்ன?"

அவரே தொடர்ந்தார். "இன்னொண்ணு தம்பி. இடமா சுத்துதுன்னு இன்னாத்துக்கு இவ்ளோ கலாட்டா? நீ கையால செஞ்சி குடுத்த போர்டுல எனக்கு வலமாத்தான் தெரிஞ்சுது."

"எப்டிக்கா?"

"நான் பத்த வெக்கிறது பின்பக்கம்தானே."

எனவே மேலே கேட்டுக்கொண்டது எல்லாம் ரத்து. இனி நான் செய்யப்போவது:

1. இரண்டு படத்திலும் பேரைப் பழையபடி இடமாகவே திருப்புவேன். மென்பொருள் கேட்டால் "ஆமாம்" என்று அழுத்துவேன்.
2. மூன்று மணிக்கு உங்கள் வீட்டில், சந்திரம்மாள் அக்கா ஸ்டிக்கரை வாசிக்க, நான் பட்டியலில் டிக் அடிப்பேன். அதற்குப் பிறகுதான் நான்கு போர்டிலும் ரெசிஸ்டரை மாற்றிப் பற்ற வைப்போம்.
3. மோட்டார் வயரை ஐந்து பெட்டியிலும் பழைய திருகுக்கே மாற்றுவேன். ஐந்தாவது போர்டில் வேறு எதையும் தொட மாட்டேன்.
4. பச்சையம்மாள் அக்கா அடுப்பைக் காயவைத்துக் கொடுத்துவிட்டு, தொட்டியை நிரப்பி ஓட்டிக் காட்டுவேன்.
5. இனி உங்களுக்குப் போர்டைக் காட்ட வேண்டி வந்தால் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்தைக் காட்டுவேன். அங்கிருந்து எண்ணினால் எட்டும் வலம்தான் வருகின்றன.