சங்கத்துக் கதிரைகள்

முரசுமோட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தங்கச்சி ஜெகதீஸ்வரிக்கு, அண்ணன் தில்லைநாதன் எழுதிக்கொள்வது.

இங்கு எல்லோரும் சுகம் என்றுதான் தொடங்கவேண்டும், அப்படியே வைத்துக்கொள். மாங்குளத்தில் உன் முழங்கால் வலி குறைய முருகனை வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ குடும்பம் முழுவதற்கும் அனுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் மகள் சுதாஜினியை நிகழ்வு முகாமைத்துவம் படிக்க விடலாமா என்று கேட்டிருந்தாய். விடாதே. என் மகள் லக்சிகா அதைப் படித்துத்தான் கிளிநொச்சியில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். கூட்டம் வைப்பதும் ஒரு தொழில்தானாம். வரவேற்க ஒருவர், மேடைக்கு ஒருவர், ஒலிவாங்கிக்கு ஒருவர், பிரதம விருந்தினர் எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்க ஒருவர். அத்தனை பேருக்கும் சம்பளம் உண்டு. முன்னால் இருந்து கொட்டாவி விடுகிற எங்களுக்குத்தான் ஒன்றும் இல்லை. "அப்பா, மாநாடு, கண்காட்சி, கலியாணம் எண்டு உலகம் முழுக்க இதிலை வேலை கிடக்கு" என்பாள். நானும் தலையாட்டினேன்.

போன கிழமை அவள் முதன்முதல் தனியே நடத்திய கூட்டம், எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில், விதைநெல் கருத்தரங்கு. ஒழுங்காக நடந்தால் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆட்களை இருத்த வைத்திருந்த நிறுவனத்தின் கதிரைகள் வவுனியாவில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டதால், எங்கள் மரண சகாயச் சங்கத்தின் கதிரைகளைக் கேட்டாள். நான்தானே சங்கத் தலைவர், கொடுத்தேன். ஊரில் சாவு விழுந்தால் கதிரை எங்கே இருந்தாலும் உடனே செத்தவீட்டுக்குப் போகவேண்டும் என்பது சங்க விதி. மேசையில் அடித்துப் பேசி அதைக் கொண்டுவந்தவனும் நான்தான். நல்ல காரியத்துக்குக் கேட்கிற பிள்ளையிடம் சாவுக் கதை எதற்கு என்று அதை மட்டும் சொல்லவில்லை.

வரவேற்புரை முடியவில்லை, இளையதம்பியர் போய்விட்டார் என்று செய்தி வந்தது. வருடக்கணக்காக இழுத்துக்கொண்டு கிடந்த மனுசன், பிரதம விருந்தினர் வரும்வரை பொறுக்கவில்லை. மண்டபம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் என்ன செய்ய? "கதிரையளைத் தூக்குங்கோ" என்றேன். விதைநெல் பற்றிக் கேட்க வந்த கமக்காரர் அவரவர் இருந்த கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாய்க்கால் கரையால் வரிசையாகப் போனார்கள். லக்சிகா கழுத்தில் அடையாள அட்டையோடு வெறும் மண்டபத்தில் நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

பிறகுதான் பிரதம விருந்தினர் வந்தார். இருத்தக்கூடக் கதிரை இல்லை. அவரையும் அவள் செத்தவீட்டுக்கே கூட்டிவந்தாள். அவருக்கு வாங்கிய மாலை இளையதம்பியருக்குப் போயிற்று. அடுப்பு மூட்டாத வீடல்லவா, கருத்தரங்குச் சாப்பாட்டை அயல்வீட்டில் வைத்து, தூரத்திலிருந்து வந்த சனத்துக்குக் கொடுத்தாள். ஒலிவாங்கியும் வந்தது. விருந்தினர் இரங்கலுரையோடு விதைநெல் பற்றியும் கொஞ்சம் பேசினார். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள், செத்தவீட்டில் வேறென்ன செய்வது.

பின்னேரம் முதலாளி போன் எடுத்தார். திங்கட்கிழமை தொடக்கம் வரத் தேவையில்லையாம். லக்சிகா அழவில்லை. "தூக்கினது சரி அப்பா. ஆனா அந்த விதியை எனக்கு முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆகவே தங்கச்சி, பிள்ளையை வேறு எதையாவது படிக்க விடு. ஆர் எப்போது சாவார் என்று பார்த்துக்கொண்டு செய்கிற தொழில் எங்கள் குடும்பத்துக்கு வேண்டாம்.

மருமகள் சுதாஜினியின் தலையில் கைவைத்து நான் வாழ்த்தியதாகச் சொல்லு. வற்றாப்பளை அம்மன் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த அண்ணன்.

பி.கு.: நெஞ்சில் அடைப்பு என்று டொக்டர் சொல்கிறார். வருகிற மாதம் யாழ்ப்பாணத்தில் ஒப்பரேஷன். பயப்படாதே. ஏதும் நடந்தால், சங்கத்துக்குச் சொல்ல முதல் லக்சிகாவிடம் சொல்லு. இளையதம்பியர் வீட்டில் அவள் கதிரைகளை நேராகப் போட்டு, நடக்க வழி விட்டு, வயதானவர்களை நிழலில் இருத்தினாள். அப்படியொரு செத்தவீட்டை இந்த ஊர் கண்டதில்லை. எனக்கும் அப்படித்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு அவள் அழவும் வேண்டுமே. ஆட்களைக் கவனிக்க இன்னொருத்தி தேவை. சுதாஜினியை அந்தப் படிப்பிலேயே சேர்த்துவிடு.