மூன்றாம் அத்தியாயத்தோடு மூடி வைத்த புத்தகம்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். என் முழங்கால் மட்டும் சொல்பேச்சுக் கேட்பதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

போன வாரம் நூலகர் மாநாட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆனவனை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று கேட்காதே, பழைய பட்டியலில் என் பெயரை அடிக்க மறந்துவிட்டார்கள். "போயிட்டு வாங்க, மளிகை டப்பாவுக்கெல்லாம் நம்பர் ஒட்டறது ஒரு நாளாவது நிக்கும்" என்று உன் அண்ணி வழியனுப்பினாள். இளையோர் நூல்களில் பன்முகத்தன்மை என்பது தலைப்பு. அதாவது, எல்லா விதப் பிள்ளைகளும் கதைகளில் தங்களைப் பார்க்க வேண்டுமாம். ஆளுக்கொரு பழைய புத்தகம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்; நூலகம் கழித்துவிட்ட புத்தகங்களை நான் வாங்கிவந்த பெட்டியின் அடியில் பழுப்பு உறை போட்டுக் கிடந்த ஒன்றைப் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டேன். தொடக்க உரை முடிந்து எல்லோரும் கைதட்டினார்களா, முப்பத்தைந்து வருடப் பழக்கம் விடுமா, எழுந்து திரும்பி "உஷ்" என்றுவிட்டேன். அத்தனை பேரும் நூலகர்கள் அல்லவா, பாதிப் பேர் தங்கள் உதட்டிலும் விரலை வைத்தார்கள். தேநீர் இடைவேளையில் மேசைமேல் புத்தகங்கள் தாறுமாறாகக் கிடக்கப் பொறுக்காமல் வரிசை எண்படி அடுக்கிவைத்தேன். பேச வேண்டியவர்களின் முறைப்படி அவர்கள் அடுக்கியிருந்ததாம் அது. என் புத்தகம் மேலே வந்துவிட்டது.

"இது யாரோடது? நீங்களே முதல்ல பேசுங்க சார்" என்று மேடையில் இருந்த பெண் உறையைக் கழற்றினாள். அட்டையைப் பார்த்த பிறகுதான் எந்தப் புத்தகம் என்று எனக்குத் தெரிந்தது.

உனக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளி விட்டதும் நேரே நூலகத்துக்கு வந்து, என் மேசையருகே ஸ்டூலில் காலாட்டிக்கொண்டு பின்னல் நுனியைக் கடிப்பாய். பசை வாசனை, அந்த ஸ்டூலின் கிறீச், நீ. அந்த மாலைகளில் ஒன்று திரும்பக் கிடைக்குமென்றால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். ஒருநாள், "அண்ணா, என்னை மாதிரி தி... திக்கிப் பேசற பொண்ணு வர்ற கதை இருக்கா?" என்று கேட்டாய். "அப்படி ஒண்ணும் இல்லம்மா" என்றேன். இருந்தது. இதே புத்தகம்தான். மூன்றாம் அத்தியாயத்தில் வகுப்பே அவளைப் பார்த்துச் சிரிக்கும். நீ அழுவாய் என்று பயந்து, அதோடு மூடிப் பூட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் புத்தகமே கேட்டதில்லை.

"இதை யாருக்குப் படிக்கக் குடுத்தீங்க சார்?" என்றாள் அந்தப் பெண். "என் த... த..." என்றேன், அதற்கு மேல் வரவில்லை. கூட்டம் சிரிக்கவில்லை, காத்திருந்தது. நான் ஒருநாளும் உனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. நீ தொடங்கிய வாக்கியத்தையெல்லாம் நானே முடித்துவிடுவேன். அதற்குப் பாசம் என்று பெயர் வேறு வைத்திருந்தேன். பொய் சொன்னதற்கு மன்னித்துவிடு அம்மா. நாற்பத்திரண்டு வருடத் தாமதத்தோடு புத்தகத்தை இத்துடன் அனுப்புகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். கோபமென்றால் கோபமென்றே ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: பார்சல் கட்டுவதற்கு முன் மீதியையும் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தொழில் புத்தி, முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நான் வெறுமையாக ஒட்டிய இரவல் தேதிச் சீட்டில் பதினொரு முத்திரைகள்! வருடவாரியாக அடுக்கி வைத்திருக்கும் பழைய காலண்டர்களை இறக்கிப் பார்த்தேன். அத்தனையும் வெள்ளிக்கிழமை, என் வார விடுமுறை. பக்கத்தில் உன் உறுப்பினர் எண், கிழிந்த புத்தகம் தைத்துவிட்டு அன்றைக்கு மட்டும் என் நாற்காலியில் உட்காரும் பைண்டிங் அக்காவின் கையெழுத்தில். அந்த அலமாரியின் இன்னொரு சாவி அவரிடம் இருந்ததை மறந்தே போனேன். அழுத்தக்காரி! இத்தனை வருடமும் மூச்சு விட்டாயா? மேலே கேட்ட மன்னிப்பு ரத்து. புத்தகமும் வராது, நேரில் வா. வெள்ளிக்கிழமைதான் என்றில்லை, இப்போது எனக்கு எல்லா நாளும் விடுமுறை. மீதிக் கதையை நான் படிக்கவில்லை. நீ சொல்லு. எவ்வளவு நேரமானாலும் நடுவில் வாயைத் திறக்க மாட்டேன்.