மாப்பிள்ளை அறையில் மூக்கு லாரி

காரைக்காலில் லாரி வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் லாரிக்கு வீட்டில் இடம் கொடுத்துவிட்டு, வரப்போகிற மாப்பிள்ளைக்கு இடமில்லையே என்று தாடியைத் தடவிக்கொண்டு நின்ற மனிதர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே பாப்போம் பாய் ஒருவர்தான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். எங்கள் கோவில்பத்துத் தெருவில் அவர் பாப்போம் பாய். மழை வருமா பாய் என்று கேட்டால் வானத்தை அண்ணாந்து பார்த்து, “பாப்போம்” என்பார். சாப்பிட்டாச்சா என்று கேட்டால் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதற்கும், “பாப்போம்” என்பார். இவர் நிக்காஹ் அன்றைக்கு, சம்மதமா என்று கேட்டபோதும் இதைத்தான் சொன்னார், பெரியவர்கள் அதட்டியபிறகுதான் சம்மதம் என்றார் என்று அவர் சம்சாரம் ஜுலைகா சொல்லும். ஜுலைகா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்.

நான் பக்கத்து வீடு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, கண் விடவில்லை. மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டுக் காக்கை விரட்ட உட்கார்ந்தால், பாய் வீட்டுக் கார் ஷெட்டு உள்ளும் புறமும் தெரியும். அதற்கு நான் என்ன செய்வது? வீட்டை அப்படிக் கட்டியது என் மாமனார்.

பாய் வளைகுடாவில் முப்பது வருஷம் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஊரோடு வந்தவர். வந்ததும் கார் ஷெட்டுக் கட்டினார். வெள்ளைக் கார் வரப்போகிறது என்று ஜுலைகா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தது. ஒருநாள் மத்தியானம் டிராக்டர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அம்பகரத்தூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லின் பின்னால் கருவேலம் புதருக்குள் கிடந்த பழைய மூக்கு லாரியைக் கட்டி இழுத்து வந்திருந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்து வண்டி. யானை படுத்த மாதிரி நீளமாக மூக்கு. சக்கரத்தில் ரப்பர் பாதி, மண் பாதி. பின்பக்கமாகத் தள்ளி ஷெட்டுக்குள் விட்டார்கள். மூக்கு வாசலைப் பார்த்து நின்றது.

“என்னங்க இது?” என்றது ஜுலைகா.

“லாரி.”

“அது தெரியிது. கார் எங்க?”

“பாப்போம்” என்றார் பாய்.

அன்றைக்கே வேலை தொடங்குவார் என்று நான் வடகத்தைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்தவர் மெதுவாகச் சாத்திவிட்டார். டிரைவர் சீட்டில் மில்லுக்காரர் வீட்டுக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. டிராக்டர் இழுத்த இழுப்புக்கும் அது எழுந்திருக்கவில்லை. குஞ்சு பொரிக்கிறவரை பாய் வண்டியில் கை வைக்கவில்லை. தினமும் ஒரு சிரட்டையில் தண்ணீரும் கொஞ்சம் நொய்யும் வைத்துவிட்டுப் போவார். பொரித்தபிறகு தாயையும் குஞ்சுகளையும் கூடையில் வைத்து, பஸ் ஏறி அம்பகரத்தூர் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்குள் ஊர் வாய் சும்மா இருக்குமா? கப்பல் காலத்துத் தங்கம் லாரிக்குள் இருக்கிறது என்று தருமபுரம் டீக்கடை வரைக்கும் பேச்சு. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு, அதில் பிரெஞ்சு எழுத்து. அதில்தான் சங்கதி இருக்கிறது என்றார்கள். எனக்கும் கொஞ்சம் ஆவல்தான். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவரை நாற்காலியோடு தூக்கி வந்து படிக்கச் சொன்னார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்தார், இருமினார், மறுபடி துடைத்தார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“எண்ணெய் இருக்கான்னு தெனமும் பாக்கணுமாம்” என்றார்.

கூட்டம் கலைந்துவிட்டது. பாய் மட்டும் அதைப் பெரிய உபதேசமாக எடுத்துக்கொண்டு குனிந்து எண்ணெய் பார்த்தார். அதிகம் வேண்டாம், ஒரு சொட்டு இருந்திருந்தாலும் நான் சொல்லியிருப்பேன்.

நான் மாடியிலிருந்தே கேட்டேன். “பாய், தங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதுக்கு இந்தப் பாடு?”

“அக்கா, முப்பது வருஷம் வண்டி ஓட்டுனேன். ஒருநாளும் மூடியத் தொறக்க விட்டதில்ல. நின்னு போனா கம்பெனி மெக்கானிக் வருவான். டிரைவர் தள்ளி நிக்கணும். உள்ள என்னதான் இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது.”

“அதுக்காகவா?”

“அதுக்காவத்தான்.”

இதைக் கேட்டு ஜுலைகா தலையில் அடித்துக்கொண்டது. எனக்கு என்னவோ நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

அன்றிலிருந்து அவர் கழற்றக் கழற்ற நான் பார்த்தேன். பேர் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. “பாய், அந்த முறுக்கு அச்சு எங்கேர்ந்து வந்துது?” என்பேன். “இட்லித் தட்டுக்கு அடியிலேர்ந்து அக்கா” என்பார். எங்களுக்குள் அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. நகரில் ஒரு லேத் பட்டறையில் போய், “இட்லித் தட்டு ஓரம் தேஞ்சி போச்சி, சரி பண்ணித் தருவீங்களா” என்று கேட்டிருக்கிறார். பாத்திரக்கடை அடுத்த தெரு என்று வழி சொல்லி அனுப்பிவிட்டான் பட்டறைக்காரன்.

இப்படியே போயிருந்தால் பேரன் பேத்தி காலம்வரை போயிருக்கும். நடுவில் இளைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

அவர்கள் வழக்கம் எங்கள் வழக்கம் மாதிரி இல்லை. பெண் புகுந்த வீட்டுக்குப் போகாது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவருக்கென்று தனி அறை கொடுக்க வேண்டும். முன்னறையில் மூத்த மாப்பிள்ளை இருக்கிறார். இளையவருக்கு அறை கட்ட, வீட்டில் இருக்கிற ஒரே இடம் கார் ஷெட்டு. அதில் லாரி.

“வர்றவங்களுக்கு மெத்தைய எங்க போடுறது, இன்ஜின் மேலயா?” என்று ஜுலைகா கேட்டது.

இந்தத் தடவை பாய் பாப்போம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஜுலைகா தீர்ப்பே சொல்லிவிட்டது. பெருநாள் கழிந்ததும் கொத்தனார் வருவார். அன்றைக்கு லாரி தானாக ஓடி வெளியே போக வேண்டும். இல்லாவிட்டால் காயலான் கடைக்காரர் வந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்துப்போவார்.

ஓடுகிற வண்டியாக வந்தால் மில்லிலேயே நிறுத்திக்கொள்ளலாம், பழைய இரும்பாக வந்தால் வேண்டாம் என்று மில்லுக்காரர் சொல்லிவிட்டார். பாய் என்னிடம் வந்தார். அவர் வாசலுக்கு நேர் எதிரே எங்கள் மனை ஒன்று நாலு தென்னையோடு சும்மா கிடக்கிறது.

“அக்கா, இழுத்தாந்து ஒங்க மனையில...”

“பாய், அது என் மாமனார் வாங்குன மனை. ஒரு கன்னுக்குட்டி கட்ட விட்டதில்ல. வேற ஏதாவது கேளுங்க” என்றேன்.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

காயலான் கடைக்காரர் முன்கூட்டியே ஒருநாள் வந்து, எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று லாரி மேல் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போனார். அவர் தெரு திரும்பியதும் பாய் தோளில் கிடந்த துண்டை நனைத்து, பிள்ளை முகம் துடைக்கிற மாதிரி ஒவ்வொரு கோடாகத் துடைத்தார்.

பிறகு ராப்பகலாக வேலை. இன்ஜின் முழுவதையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வரிசை தப்பாமல் எடுத்து வைத்தார். எதில் வைத்தார் என்கிறீர்கள்? சஹனில். சஹன் என்றால் விருந்தில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. தெருவுக்குப் பொதுவான சஹன்கள் பாய் வீட்டுப் பரணில்தான் இருக்கும். ஒரு சஹனில் முறுக்கு அச்சு வகையறா, அடுத்ததில் இட்லித் தட்டு, அதற்கடுத்ததில் வளையல்கள். முதல் சஹனிலிருந்து கடைசி சஹன்வரை போனால் இன்ஜின் வந்துவிடும். அவர் கண்டுபிடித்த வழி அது. நல்ல வழிதான்.

பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணத்து வலிமா விருந்து வந்தது. சஹன் எடுக்க யாரும் யாரையும் கேட்பதில்லை, பொதுச்சொத்து. பாய் லேத் பட்டறைக்குப் போயிருந்தார், ஜுலைகா கடைத்தெருவுக்குப் போயிருந்தது, நான் குளித்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் வந்தார்கள். பரணில் தேடினார்கள், இல்லை. ஷெட்டில் இருந்தது. அத்தனையையும் ஒரு சாக்கில் கொட்டிவிட்டு, தட்டைத் துடைத்து எடுத்துப் போய்விட்டார்கள். அன்றைக்கு நெய்ச்சோற்றில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது என்று இன்றுவரை பேச்சு உண்டு. சாப்பிடாமல் எழுந்தவர் யாரும் இல்லை என்பதும் உண்டு.

பாய் வந்து பார்த்தார். சாக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன பாய், பாப்போமா?” என்றேன் மாடியிலிருந்து.

“முடிஞ்சிட்டு அக்கா” என்றார்.

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. காக்கை வடகத்தைக் கொத்துகிறது, நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அப்புறம் இறங்கினேன். முறத்தை எடுத்துக்கொண்டு, மாடி வழியாக மட்டுமே பார்த்திருந்த அந்த ஷெட்டுக்குள் வாசல் வழியாக முதல் தடவையாகப் போனேன்.

“எழுந்திரிங்க பாய். நீங்க கழட்டுனத நீங்க மறக்கலாம். நான் மறக்க மாட்டேன். தெனம் பாத்தவ நான்.”

சாக்கை ஒரு கோரைப்பாயில் கொட்டினேன். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிதான். முறத்தில் அள்ளிப் பெரியதை இப்படி ஒதுக்கி, சின்னதை அப்படி ஒதுக்கி, “இது முறுக்கு அச்சோட வந்தது, இது வளையலுக்குக் கீழ கெடந்தது” என்று சொல்லிக்கொண்டே போனேன். தெருப் பெண்கள் நாலு பேர் அவரவர் முறத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். ஜுலைகாவும் வந்து உட்கார்ந்தது.

“நீ எதுக்கு வந்தே? ஒனக்கு இது போனாப் போதுமே” என்றேன்.

“சீக்கிரம் சேந்தாத்தானேக்கா சீக்கிரம் போவும்” என்றது. ஆனால் ஒவ்வொரு திருகாணியையும் தன் சேலைத் தலைப்பால் துடைத்துத்தான் வைத்தது.

கடைசியில் கையளவு சாமான் மிஞ்சியது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் ஒருநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அன்றைக்குக் கழற்றியதாக இருக்க வேண்டும். சொல்லியும் விட்டேன்.

பாய் அதை ஒரு சொம்பில் போட்டு வைத்தார். “பாப்போம்” என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கொத்தனார் வருகிற நாள் வந்தது. கொத்தனாரும் வந்தார், காயலான் கடைக்காரரும் இரும்பு வெட்டுகிற காஸ் சிலிண்டரோடு வந்தார். ஜுலைகா சர்க்கரை வைத்து பாத்திஹா ஓதச் செய்தது. நான் என் பங்குக்கு நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பாய் ஏறி உட்கார்ந்தார். முன்னால் நின்று ஹாண்டில் சுற்ற ஓர் ஆள் வேண்டும். மூத்த மாப்பிள்ளை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“மாப்பிள்ளைய ஹாண்டில் சுத்த விடுறீங்களே, நாளைக்கு அவங்க வூட்டுல என்ன பேசுவாங்க” என்று ஜுலைகா பதறியது. அந்த வீட்டில் மாப்பிள்ளை தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தூக்கக் கூடாது.

“இத்தன வருஷமா ஒக்காத்தி வச்சி சோறு போட்டீங்கல்ல மாமி, செரிக்கட்டும்” என்று அவர் சுற்றினார்.

ஒன்றும் இல்லை. மறுபடி சுற்றினார். ஒரு இருமல். காயலான் கடைக்காரர் சிலிண்டரைத் திறக்கப் போனார். மறுபடி சுற்றினார். நூறு பேர் ஒரே நேரத்தில் தொண்டையைக் கனைத்த மாதிரி ஒரு சத்தம், ஷெட்டு நிறைய கறுப்புப் புகை. எலுமிச்சம்பழம் நசுங்கியது. புகைக்குள்ளிருந்து மூக்கு மட்டும் முதலில் வந்தது.

வாசலைத் தாண்டியது. தெருவில் திரும்ப வேண்டும். திரும்பவில்லை, நிற்கவும் இல்லை. நேரே வந்து என் மூங்கில் வேலியைச் சாய்த்துக்கொண்டு மனைக்குள் புகுந்து, தென்னைக்கு அணைத்த மண்மேட்டில் மூக்கை வைத்து நின்றது.

“பிரேக்க அழுத்துனேன் அக்கா, அது சும்மா சிரிக்கிது” என்றார் உள்ளிருந்து.

சொம்பில் கிடந்தது எது என்று அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

தெருவே லாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. என் மனை எப்படிப்பட்ட மனை என்று எல்லோருக்கும் தெரியும். பாய் இறங்கி, சாய்ந்த வேலியைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்.

“விடுங்க பாய்” என்றேன். “இழுத்தாந்து போடவான்னுதானே கேட்டீங்க? இது தானா வந்திருக்கு. நிக்கட்டும்.”

ஷெட்டு இருந்த இடத்தில் அறை வந்தது. இளைய மாப்பிள்ளையும் வந்தார். லாரிக்கு மேல் தகரம் போட்டேன். மழைக்காகத்தான், வேறொன்றும் இல்லை.

இப்போது பாய் ஊரில் இல்லை. சார்ஜாவில் வேலை பார்க்கிற மகன் வீட்டில் பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது என்று அவரும் ஜுலைகாவும் போயிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போன் வரும். போன வாரமும் வந்தது.

“அக்கா, லாரி எப்படிருக்கு?”

“நல்லாருக்கு. எண்ணெய் பாத்தேன், இருக்கு. டிரைவர் சீட்டுல ஒரு கோழி ஏறி ஒக்காந்துருக்கு.”

“யார் கோழி?”

“என் கோழிதான்.”

“வெரட்டாதீங்க அக்கா, பொரிக்கட்டும்.”

“அது எனக்குத் தெரியாதா? தண்ணி வச்சிருக்கேன். நீங்க எப்ப வர்றீங்க, அதச் சொல்லுங்க.”

“பாப்போம் அக்கா” என்றார்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.