காவிச் சேலையும் கறுப்புப் பல்லும்

அன்னிக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கட்டுகஸ்தோட்டைல ரஹீமா தாத்தா வீட்டுக்குப் போய், ஒரு கேன் தண்ணிய எடுத்துக்கிட்டு, மஹய்யாவைல இருக்கிற எங்க பட்டறைக்குத் திரும்பி வரணும்.

தாத்தான்னதும் வெள்ளத் தாடிய நெனச்சிராதீங்க. எங்க ஊரு முஸ்லிம் ஆளுங்க அக்காவத்தான் தாத்தான்னு கூப்பிடுவாங்க. ரஹீமா தாத்தா எங்க பட்டறையோட சாயக்காரி. அவ பேச ஆரம்பிச்சா தறிச் சத்தமே கேக்காது!

பட்டறைன்னா பெருசா ஒண்ணுமில்ல. கொஞ்சம் கைத்தறி, சாயம் காய்ச்சுற அண்டா, மூலைல என்னோட தையல் மெஷின். கடைச் சாயம் மட்டும் வாசப்படி தாண்டக் கூடாது. "நம்ம ஊத்துற தண்ணி கடைசில எங்க போகும்? மகாவலிக்குத்தானே? அதுலதானே நம்மளும் குளிக்கிற?"ன்னு தாத்தா கேப்பா. அதனால பலா மரத்தூள், பாக்கு, மாதுளம் தோல்னுதான் எங்க வியாபாரம்.

இப்ப இதுக்கெல்லாம் இங்கிலீசுல ஸ்டைலா பேர் வச்சு விக்கிறாங்க. அப்ப எங்களுக்கு இருந்த ஒரே பேரு 'அந்த நாத்தம் புடிச்ச எடம்'.

சரி, தண்ணிக் கதைக்கு வர்றேன்.

எங்க தறிக்காரி மாலினி சிங்களப் புள்ள. அவளுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ள வீட்டுல நடக்கிற ஹோம்கமிங்குக்குக் கட்டுற சேலைய, யாரையும் நம்பாம அவளே உக்காந்து நெய்தா. கையெல்லாம் கொப்புளம். எங்க யாரையும் தறிப் பக்கமே விடல. தாத்தா அத பலா மரத்தூள்ல போட்டுக் காய்ச்சினா. "தங்கம் மாதிரி வரும் பாரு"ன்னா.

காஞ்சதும் விரிச்சுப் பாத்தோம்.

பிக்குமார் போத்திக்கிற காவி! அசலா அதே கலர்! ஆகாதா பின்ன? அந்தக் காலத்துல அந்தக் காவிக்கும் இதே பலா மரந்தான்.

மாலினி ஓன்னு அழுதுட்டா. "ராணி அக்கே, இதக் கட்டிக்கிட்டுப் போய் நின்னா மாமியாரு என் கால்ல விழுந்து கும்புட்டு தானம் குடுப்பாங்க!"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனா அவ மொகத்தப் பாத்ததும் அடங்கிருச்சு. பாவம். அவ ஆசையா நெய்த ஒரே சேலை. ஹோம்கமிங்குக்கு இன்னும் ரெண்டே நாள்.

"அழாத புள்ள"ன்னா தாத்தா. "எங்கட ஊட்டுல ஆணித்தண்ணி ஈக்கு. அதுல ஒரு முக்கு முக்கினா இந்தக் காவி பாசிப்பச்சையா மாறிரும்."

ஆணித்தண்ணின்னா வேற ஒண்ணுமில்ல. துருப்புடிச்ச ஆணியையும் கித்துள் மரத்துக் கருப்பட்டியையும் தண்ணில போட்டுப் புளிக்க விடுறது. நாறும்னா அப்பிடி நாறும்.

சேலைய ஊற வைக்கிறதுக்கு தாத்தா பட்டறைல நின்னுக்கிட்டா. என்னயத்தான் அனுப்பினா. போகும்போது ரெண்டு விஷயம் சொன்னா.

"கேன் மூடிய இறுக்காத. அது புளிக்கிற தண்ணி, மூச்சு விடணும். வழியில ஆமிக்காரங்க கேட்டா 'சாயம்'னு ஒத்த வார்த்தை சொல்லு. கதை சொல்லாத."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"ன்னுட்டுக் கெளம்பினேன்.

கேன எடுத்துக்கிட்டு பஸ் ஏறினேன். "நுவர! நுவர!"ன்னு கண்டிக்கு ஆள் கூப்பிட்டுக் கத்திக்கிட்டு இருந்த கண்டக்டர் சட்டுன்னு கத்துறத நிறுத்திட்டு மூக்கப் பொத்தினான். "மிஸ், அதுல என்ன செத்துக் கெடக்கு?" பக்கத்துல இருந்த அம்மா முந்தானையால மூக்க மூடிக்கிட்டாங்க. போதாததுக்கு தண்ணி வேற தளும்பி என் பாவாடைல சொட்டுது.

எனக்கு மானம் போச்சு. மூடியப் புடிச்சேன். ஒரு திருகு. இன்னும் ஒரு திருகு. நாத்தம் நின்னுருச்சு. 'இந்த அறிவு தாத்தாவுக்கு இல்லையே'ன்னு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கிட்டேன்.

பாலத்தத் தாண்டினதும் செக்பாயிண்ட். அது சண்டை நடந்த காலம். நாட்டுல எந்த மூலைல குண்டு வெடிச்சாலும் எங்க பேக்கத்தான் கொட்டுவாங்க. எல்லாரும் எறங்கி சாமானோட வரிசைல நின்னோம். வெயிலுக்குக் கேன் வயிறு வீங்கியிருந்துச்சு. நான் கவனிக்கல.

மீச மொளைக்காத ஒரு ஆமிக்காரப் பையன் கேனத் தூக்கிப் பாத்தான். எல்லாம் சிங்களத்துலதான், நான் தமிழ்ல சொல்றேன்.

"என்னது இது?"

'சாயம்'னு சொல்லி வாய மூடியிருக்கலாம். முடியலையே! "காவிக் கலர அழிக்கிற தண்ணி, சேர்"ன்னேன்.

அவன் கண்ணு பெருசாச்சு. "காவிய... அழிக்கவா?"

"ஐயோ, அப்பிடி இல்ல சேர்! சேலைல இருக்கிற காவிய! கல்யாணத்துக்கு!"

"உள்ள என்ன கலகலங்குது?"

"ஆணி, சேர்."

"ஆணியா?" அவன் காதுகிட்ட வச்சுக் குலுக்கினான். ஒரு தடவ இல்ல, நல்லா தயிர் கடையுற மாதிரி குலுக்கினான்.

டமார்!

மூடி பறந்துச்சு. நொர பொங்கி அடிச்சுச்சு. அந்தப் பையன் கேன எறிஞ்சுட்டு ரோட்டோரக் கான்ல, அதான் சாக்கடைல, குதிச்சான். வரிசைல நின்ன அத்தன பேரும் ரோட்டுல குப்புற விழுந்துட்டாங்க. கண்டக்டர் எங்க போனான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நடு ரோட்டுல நின்னது நான் ஒருத்திதான். என் காலச் சுத்தித் துருப்புடிச்ச ஆணிங்க!

நாலா பக்கமும் துவக்க நீட்டிக் குறி பாத்தாங்க. "கையத் தூக்கு!"

தூக்கினேன். இதவிடக் கொறஞ்ச காரியத்துக்குக் கூட்டிட்டுப் போன ஆளுங்க மாசக்கணக்கா வீடு திரும்பாத காலம் அது. ஐடென்டிட்டி கார்டுல தமிழ்ப் பேரு, காலடில ஆணி. அம்மாவ நெனச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் பாத்தேன். கேன் சாஞ்சு கெடக்கு. தண்ணி குபுகுபுன்னு போகுது. மாலினியோட சேலை!

கையத் தூக்கினபடியே கால நீட்டி, கட்ட விரலால கேன நிமுத்தினேன்.

"அசையாத!"ன்னு அத்தன பேரும் ஒண்ணாக் கத்தினாங்க.

"சிந்துது சேர்!"

உள்ள இருந்து ஒரு சார்ஜன்ட் வந்தார். நடுத்தர வயசு, கைல பிளேன்டீ, பால் விடாத தேத்தண்ணி. என்னயப் பாத்தார், ஆணியப் பாத்தார், மூக்க உறிஞ்சினார். "என்ன இது?"

இப்பவாவது வாய மூடினேனா? இல்ல! "சாயம் சேர், செஞ்சே காட்டுறேன்"ன்னு கேன்ல இருந்து கொஞ்சம் எடுத்து அவரோட பிளேன்டீல ஊத்திட்டேன். தேயிலையும் ஆணித்தண்ணியும் சேந்தா என்னாகும்னு எங்க பட்டறைல எல்லாருக்கும் தெரியும். தேத்தண்ணி சட்டுன்னு மை மாதிரி கறுத்துப் போச்சு.

"பாத்தீங்களா!"ன்னு பெருமையா நிமிந்தேன்.

கான்ல இருந்து ஏறி வந்த பையன் கத்தினான். "சேர், வெஷம்!"

சார்ஜன்ட் கோப்பைய கீழ வச்சார். "வெஷம் இல்லேன்னா குடி பாப்போம். தேத்தண்ணி வேணாம். கேன்ல இருக்கிறத."

வேற வழி? ஒரு வாய் குடிச்சேன். பழைய பூட்டத் தயிர்ல ஊறப் போட்டு நக்கின மாதிரி இருந்துச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவரு என்னயவே பாத்துக்கிட்டு இருந்துட்டு, கடகடன்னு சிரிக்க ஆரம்பிச்சுட்டார்.

"எனக்குத் தெல்தெனியப் பக்கம். எங்கம்மா பாய் பின்ற ஆளு. பாய் நாருக்குக் கறுப்பு ஏத்துறதுக்கு இதே தண்ணிதான் போடுவாங்க. எங்க வீட்டுல ஆணிக்குப் பதிலா பழைய மம்பட்டி. வெடிச்சப்பவே மூக்குக்குத் தெரிஞ்சு போச்சு."

"அப்ப என்னத்துக்கு சேர் என்னயக் குடிக்க வச்சீங்க?"

"இத்தன வருசமா வாசம் புடிச்சிருக்கேன். ருசி எப்பிடின்னு எனக்குத் தெரியாதே."

கோவம் கோவமா வந்துச்சு. துவக்கு அவருகிட்ட இருந்ததால பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அந்த மனுசன் மோசமில்ல. பையனக் கூப்பிட்டு ஆணியெல்லாம் பொறுக்கி கேன்ல போட வச்சார். "வாய் கசக்கும், பாவம்"னு நல்லா திக்கா, கடுஞ்சாயமா ஒரு கோப்பை பிளேன்டீ போட்டுக் குடுத்தார். மடக்கு மடக்குன்னு குடிச்சேன். நல்லா வாய் கொப்புளிச்சும் குடிச்சேன். அடுத்த பஸ்ஸ நிறுத்தி அவரே ஏத்தி விட்டார். மஹய்யாவை வரைக்கும் என் பக்கத்து சீட்டு காலியாவே வந்துச்சு.

பட்டறைல தாத்தா கேனத் தூக்கிப் பாத்தா. பாதிதான் இருந்துச்சு. மாலினி நகத்தக் கடிச்சுக்கிட்டு நின்னா. "போதும்"னா தாத்தா. வடிகட்டி ஊத்தினா, சேலைய முக்கினா, பொரட்டினா, தூக்கினா. காவி கண்ணு முன்னாலயே மாறிக்கிட்டு வந்துச்சு. மழைக்கு அப்புறம் பாறைல படருமே, அந்தப் பாசிப்பச்சை. மாலினி ஈரச் சேலையோடயே என்னயக் கட்டிப் புடிச்சா. எனக்கும் அழுக வந்துருச்சு. பட்ட பாடெல்லாம் மறந்து போய், வாய் நெறையச் சிரிச்சேன்.

"புது அம்மே!"ன்னு சிங்களத்துல புத்தரக் கூப்பிட்டு அலறிக்கிட்டு மாலினி பின்னால போனா.

கண்ணாடியப் பாத்தேன். அத்தன பல்லும் கறுப்பு! ஆணித்தண்ணிக்கு மேல பிளேன்டீ. சார்ஜன்ட் கோப்பைல செஞ்சு காட்டின அதே வித்தைய என் வாய்க்குள்ளயும் செஞ்சு முடிச்சிருக்கேன்! கரி, உப்பு, எலுமிச்சங்காய் எல்லாம் தேச்சுப் பாத்தேன். தாத்தாவோட சாயம் ஒரு தடவ ஏறினா அவ்வளவு லேசுல எறங்காது. அது எங்க பட்டறையோட பெருமை.

ஹோம்கமிங்குக்குப் போனேன். மாலினி அந்தப் பச்சைல தேவதை மாதிரி நின்னா. நான் எல்லா போட்டோவுலயும் உதட்ட ஒட்டின மாதிரி நின்னேன். சாப்பாட்டுக்கு முன்னாலயும் பேசல, பின்னாலயும் பேசல. மாப்பிள்ளையோட பெரியம்மா மாலினிகிட்ட சொன்னாங்களாம், "அந்தத் தமிழ்ப் புள்ள எவ்வளவு அடக்கம்!"

தாத்தா அதக் கேட்டுட்டு என் காதுகிட்ட வந்தா. "மூடிய இறுக்கினியா புள்ள?"

தலைய ஆட்டினேன்.

"வாயத் தொறந்தியா?"

அதுக்கும் ஆட்டினேன். மூடியத் தளத்தி விட்டு வாய இறுக்கியிருக்கணும். நான் ரெண்டையும் மாத்திச் செஞ்சுட்டேன்.