பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை

தலையில் அடிபட்டவனுக்கு நேரும் பெரிய அநியாயம் வலி அல்ல. நடந்த கதையைச் சொல்லும் உரிமை அவனைத் தவிர ஊரில் எல்லோருக்கும் போய்விடுகிறதே, அதுதான். நான் மிகவும் கேவலப்பட்ட அந்த மத்தியானத்தில் பாதி எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் மயிலாப்பூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அபிநயத்தோடு.

அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அலுவலகத்தில் முதலுதவி வகுப்பு நடத்தினார்கள். மற்றவர்கள் சமோசாவுக்காகப் போனார்கள். நான் கடைசிவரை உட்கார்ந்து கேட்டேன் (சமோசாவும் சாப்பிட்டேன்). அன்றிலிருந்து தலைக்காயம் என் கொள்கையாகிவிட்டது. மறுநாளே ஹெல்மெட் வாங்கினேன். சாப்பிடும் நேரத்தில்கூடப் பிரசங்கம்தான்.

"அம்மா, தூக்குல கட்டித் தயிர் எடுத்துண்டு போறோம். தூக்கு கீழ விழறது. வெளியில ஒரு நசுங்கல் இல்லை. ஆனா உள்ள தயிர்? கலங்கிடும். மண்டையும் அப்படித்தான். ரத்தம் வரலைன்னா ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தமில்லை. வாந்தி எடுத்தா, கேட்டதையே கேட்டா, ஆள் சுபாவம் மாறினா, உடனே டாக்டர்!"

"சரி, இப்ப உனக்குத் தயிர் போடட்டுமா, வேண்டாமா?" என்பாள் அம்மா.

என் பரம எதிரி அத்திம்பேர். அக்கா விஜியின் கணவர், அடையாறில் ஒரு வங்கியில் வேலை. ஹெல்மெட் போட்டால் முடி கொட்டும் என்பது அவர் கட்சி (கொட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை). ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சண்டை முடிந்தால்தான் வீட்டில் காபி கிடைக்கும்.

அன்று மகாளய அமாவாசை. கொலுப்படி கட்டும் நாள். பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கும் வேலை என்னுடையது. ஹெல்மெட் வாசலில் ஸ்கூட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் உள்ளே, ஒரு கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு ஆடும் ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தேன். தலைக்காயம் ரோட்டில்தான் ஏற்படும், வீட்டுக்குள் அனுமதி இல்லை என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. என்ன அறிவு! பெட்டியில் கை வைத்தது வரை நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் செவிவழிச் செய்தி.

ஸ்டூல் சாய்ந்ததாம். பெட்டியை மார்போடு அணைத்தபடி மல்லாக்க விழுந்தேனாம். பின்மண்டை சிமெண்ட் தரையில் மோதிய சத்தத்தில் வீடே ஓடி வந்திருக்கிறது. எங்கே? பெட்டியிடம்!

"தசாவதாரம் இருக்கா பாருங்கோ! நவராத்திரியும் அதுவுமா உடைஞ்சா ஆகாது!" என்று அம்மா அலற, அப்பா பழைய வேட்டித் துணிகளைப் பிரித்து, "மச்சம் இருக்கு... கூர்மம் இருக்கு... வராகம் மூக்கு இருக்கு..." என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாராம். கல்கியின் குதிரைக்கு வால் இருப்பது உறுதியான பிறகுதான், தரையில் இன்னொரு ஜீவன் கிடப்பது அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. இதை எழுதும்போதுகூட எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

நான் எழுந்து உட்கார்ந்து, "பொம்மைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றேனாம்.

"ஆகலைடா கண்ணா."

"பொம்மைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லைடா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. கேட்டதையே கேட்கிறேன்! யாருக்காவது பொறி தட்டியதா? அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கொலுவைக் களிமண் கண்காட்சி என்று கேலி செய்தவனாயிற்றே நான். "பாத்தேளா, இவனுக்கும் பக்தி வந்துடுத்து" என்று பூரித்துப்போனாளாம்.

"பின்மண்டை வீங்கிண்டிருக்கே?" என்றார் அப்பா.

"ரத்தம் வரலையே" என்றாள் அம்மா. (தயிர்! தயிர்! எத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினேன்!)

படி கட்ட உதவுவதற்காக விஜியும் அத்திம்பேரும் வந்து சேர்ந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அத்திம்பேருக்கு ஒரே குஷி.

"என்னடா சேகர், ஸ்டூல்ல ஏறறதுக்கு ஹெல்மெட் போட்டுக்கச் சொல்லலையா உங்க கிளாஸ்ல? நான் அப்பவே சொன்னேன், ஹெல்மெட்டெல்லாம் சுத்த ஹம்பக்."

என் பதிலை எதிர்பார்த்து அப்பா காதைப் பொத்திக்கொண்டாராம். நான் அத்திம்பேரை அன்பு ததும்பப் பார்த்து, "நீங்க சொல்றது ரொம்ப சரி அத்திம்பேர்" என்றேனாம்.

விஜி கையிலிருந்த செட்டியார் பொம்மை நழுவி விழுந்து உடைந்தது. (என் மண்டையைக் கொடுத்துக் காப்பாற்றிய பொம்மைகளில் அந்த வருஷம் உடைந்தது அது ஒன்றுதான். அதற்கும் காரணம் நான் என்றே தீர்ப்பாயிற்று.)

"அம்மா! இவனுக்கு மூளைல என்னமோ ஆயிடுத்து!"

"ஏன்? நான் சொல்றது சரியா இருக்கப்படாதா?" என்று அத்திம்பேர் கோபித்துக்கொண்டார்.

"இருக்கலாம். ஆனா இவன் ஒத்துக்க மாட்டான். சுபாவம் மாறினா உடனே டாக்டர்னு இவனேதான் சொல்லியிருக்கான். கிளம்புங்கோ."

"களைப்பா இருக்கும்டி. சித்த தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றாள் அம்மா.

"எழுந்திருக்கலைன்னா?" என்றாள் விஜி.

அம்மாவே என் கையைப் பிடித்து எழுப்பினாளாம்.

வாசலுக்கு வந்ததும் வாந்தி எடுத்தேன். கால் பின்னியது. ஆட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், பட்டப்பகல்லயே ஏத்திக்கினு கீறாரா?"

நெற்றி நிறைய விபூதியோடு நிற்பவனைப் பார்த்து! அப்பாவுக்கு வந்ததே கோபம். "குடிக்கலைய்யா! மண்டைல அடி!"

"அத்த மொதல்ல சொல்ல வேணாமா? ஏறு நைனா, ஏறு!"

நர்சிங் ஹோமில் டாக்டர் என்னிடம், "இப்போ பிரதமர் யாரு?" என்று கேட்டார். நான் விழித்தேன். அப்பா குறுக்கிட்டார். "டாக்டர், இது நியாயமான கேள்வி இல்லை. தினம் பேப்பர் படிக்கற எனக்கே சந்தேகமா இருக்கு." (டில்லியில் அவர்கள் மாறிக்கொண்டே இருந்த காலம் அது.)

"சரி, இன்னிக்கு என்ன கிழமை?"

"பொம்மைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றேன் நான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். மண்டைக்குள் மெல்லிய ரத்தக் கசிவு. ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை. ஆனால் நவராத்திரியில் பாதியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழித்தேன், சுண்டல் வாசனைகூட இல்லாமல்.

"தூங்கட்டும்னு விட்டிருந்தீங்கன்னா, கசிவு அதிகமானாக்கூட உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எங்காத்துக்காரர் சொன்னதை இவன் ஒத்துண்டான் டாக்டர்" என்றாள் விஜி.

டாக்டர் சிரிக்கவில்லை. "வழக்கமான குணம் மாறுறது முக்கியமான அறிகுறிம்மா" என்றார், அத்திம்பேரைப் பார்த்துக்கொண்டே.

நியாயமாகப் பார்த்தால் என் உயிரைக் காப்பாற்றியது என் பிரசங்கம்தானே? அதற்கு ஒரு நன்றி உண்டா? கிடையாது. 'அத்திம்பேர் சொன்னது சரின்னான், ஸ்கேன் எடுத்தோம்' என்று கதை நிலைத்துவிட்டது. போன வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனதும், விஜி என் மனைவிக்குச் சொன்ன முதல் புத்திமதி: "எதுக்காவது இவன் சட்டுனு 'சரி'ன்னா, மண்டையைத் தடவிப் பாரு."

போன வாரம் தி. நகரில் புடவைக் கடை. மயில் கழுத்துக் கலரில் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மனைவி கேட்டாள். "ஏன்னா, இது நன்னா இருக்கா?"

"ரொம்ப நன்னா இருக்கு. எடுத்துக்கோ."

அவள் முகம் மாறியது. புடவையைப் போட்டுவிட்டு அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என் பின்மண்டையைத் தடவினாள். "எங்க இடிச்சுண்டேள்? தலை சுத்தறதா? இன்னிக்கு என்ன கிழமை?" விற்பனைப் பெண் நாற்காலி கொண்டுவர ஓடினாள். யாரோ சோடா சோடா என்று கத்தினார்கள்.

அந்தப் புடவை உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேறு வழியில்லை. பார்டர் மட்டம், நூல் மட்டம், ஒரே தண்ணியில் சாயம் போய்விடும், இதைக் கட்டிக்கொண்டால் நான் கூட வரமாட்டேன் என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டு, அவள் அதையே பில் போடச் சொன்னாள்.