மூச்சு ஊழியம்

மனிதகுலம் நெடுங்காலமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும், அதை முறைப்படி விடத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத்தான். இடம், ஒரு மெத்தைத் தொழிற்சாலையின் பஞ்சு அடைக்கும் கூடம். தொடங்கிவைத்தவர், அதன் முதலாளியும் சபையின் மூத்த மூப்பருமான ஐயா. அதற்கு முன் உலகம் விட்டதெல்லாம் வெறும் காற்று.

ஐயா மூன்று நாள் தியான முகாமுக்குப் போய்வந்திருந்தார். மூச்சை உள்ளே இழுக்கும்போது மனதுக்குள் 'கர்த்தாவே', வெளியே விடும்போது 'இரங்கும்'. இவ்வளவுதான் பயிற்சி. உட்கார்ந்தாலும் நடந்தாலும் ஒவ்வொரு மூச்சும் ஜெபம். பெட்டியோடு போனவர் 'தரிசனத்தோடு' திரும்பினார். பெட்டியை முகாமிலேயே மறந்துவிட்டார்.

முதல் பரிசோதனை வீட்டில் நடந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஓடியது.

"பக்கத்துலயேதானே நின்னீங்க?" என்றாள் மனைவி.

"உள்ள இழுத்துக்கிட்டு இருந்தேன். பாதியில நிறுத்தக் கூடாது."

"சரி, வெளிய விட்டீங்களே, அப்பவாவது அடுப்ப ஊதி அணைச்சிருக்கலாம்ல?"

வீட்டில் நிலம் இன்னும் பக்குவப்படவில்லை என்று முடிவுசெய்து ஐயா தொழிற்சாலைக்குப் புறப்பட்டார்.

அங்கே அவர் அறை வாசலில் பஞ்சக்கா காத்திருந்தாள். இருபத்திரண்டு வருடமாக மெத்தைக்குப் பஞ்சு அடைப்பவள். அவளையும் சேர்த்துக் கூடத்தில் பதினோரு பெண்கள். இயந்திரம் பஞ்சைப் பிய்த்துத் துப்பத் துப்ப, மத்தியானத்துக்குள் பதினோரு பேருக்கும் புருவம் நரைத்துவிடும். அந்தத் தூசியை வெளியே தள்ளவேண்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஐந்து மாதமாக ஓய்வில் இருந்தது.

"ஐயா, அந்த ஃபேன்..."

"உன் பிரச்சினை ஃபேன் இல்லம்மா. நீ கவனிக்காம மூச்சு விடுற."

"ராத்திரியெல்லாம் அததான் கவனிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் ஐயா. படுத்தா அடைக்குது."

"ஆண்டவர் முதல் மனுஷனோட மூக்குல ஊதினாரே, அப்ப ஃபேன் இருந்துச்சா?"

"பஞ்சும் இல்லையே ஐயா."

இத்தகைய அவிசுவாசத்தைப் பொறுமையால் வெல்ல முடியாது. சுற்றறிக்கையால்தான் வெல்ல முடியும். அன்றே ஒன்று சுவரில் ஏறியது. மணிக்கொரு தடவை பெல் அடிக்கும். அனைவரும் எழுந்து நின்று மூன்று நிமிடம் 'உணர்வுடன்' சுவாசிக்க வேண்டும். தெருச் சத்தம் தியானத்தைக் கலைப்பதால் ஜன்னல்கள் நாள் முழுதும் சாத்தியே இருக்கும். மூக்கில் கட்டிய துணியை அவிழ்த்துவிட வேண்டும். ஜெபத்தில் முக்காடு தலைக்கு மட்டுமே, மூக்குக்கு அல்ல. இருமல் கவனச் சிதறலாகக் கருதப்படும்; இரண்டாம் முறை இருமுபவர் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். இயந்திரத்துக்கு ஆத்துமா இல்லாததால் அதற்கு மட்டும் விலக்கு. அது ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் வாரமே பதினேழு விளக்கங்கள் வந்தன. 'நான் வேண்டுமென்று இருமவில்லை, பஞ்சுதான் வேண்டுமென்று உள்ளே வந்தது' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். மேலாளர் அதைக் கோப்பில் வைத்து, கோப்பின் மேல் படிந்திருந்த பஞ்சுத் தூசியை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அவரும் ஒரு விளக்கம் எழுத வேண்டியதாயிற்று.

ஊழியத்தின் புகழ் சபையெங்கும் பரவியது. நேரில் பார்த்துவிட்டுப் போதகர் பரிந்துரைத்தால், மண்டல மாநாட்டில் ஐயாதான் பேச்சாளர். போதகர் வருகிற நாளில் சாட்சி சொல்லப் பஞ்சக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"நல்லதா நாலு வார்த்தை சொல்லும்மா," என்றார் ஐயா.

"உண்மையச் சொல்லலாமா ஐயா?"

"சாட்சின்னா உண்மைதானே. ஃபேன் பேச்ச மட்டும் எடுக்காத."

போதகர் வந்தார். ஜன்னல்கள் பயபக்தியோடு சாத்தியிருந்தன. பஞ்சக்கா எழுந்தாள். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை நின்று நின்று பேசினாள்.

"இருவத்திரண்டு வருஷமா... இங்க மூச்சு விட்டேன். ஒரு நாளும் அத நெனச்சதில்ல. இப்ப ஒவ்வொரு மூச்சும்... தெரியுது. உள்ள வந்துட்டா ஸ்தோத்திரம்னு சொல்றேன். வெளிய விட பயமா இருக்கு... அடுத்தது வருமோ, வராதோ."

"அல்லேலூயா!" என்று கூடம் அதிர்ந்தது. இவ்வளவு ஆழமான ஆவிக்குரிய அனுபவத்தை ஐயா முகாமில்கூடக் கேட்டதில்லை. அவர் கண் கலங்கிற்று. போதகர் கண்ணும் கலங்கிற்று. அதற்குக் காரணம் பஞ்சு. ஆசீர்வதிக்க வாயைத் திறந்தவர் இருமத் தொடங்கி, முகம் சிவந்து, மேலாளரின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

"அஞ்சு நிமிஷம் நிக்க முடியலையே ஐயா!" என்றார் படிக்கட்டில் உட்கார்ந்து.

ஐயாவின் உள்ளம் உடைந்தது. சபையே நம்பியிருக்கும் நெஞ்சல்லவா அது! அன்று மாலையே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் புத்தம்புது எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியாயிற்று, ஆலயத்தில், பிரசங்க பீடத்துக்கு நேர் பின்னால். அடியில் பித்தளைத் தகடு: 'மூச்சு ஊழியத்தின் காணிக்கை.' ஆராதனை முடிந்ததும் பஞ்சக்கா அதன் கீழே போய் நெடுநேரம் நின்றாள். பக்தி என்று நினைத்து யாரும் தொந்தரவு செய்யவில்லை.

திங்கட்கிழமை காலை கூடம் காலியாக இருந்தது. பஞ்சு மூட்டைகளையும் காணோம். போதகரிடமிருந்து போன் வந்து ஐயா ஆலயத்துக்கு ஓடினார். பீடத்தைச் சுற்றிப் பதினோரு பெண்கள் உட்கார்ந்து மெத்தைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் ஃபேன் சுறுசுறுப்பாக ஊழியம் செய்துகொண்டிருந்தது. ஒருத்திகூட இருமவில்லை.

"பரிசுத்த எடத்துல இதென்ன கூத்து!" என்று ஐயா கத்தினார். "மூச்சு விட வேற எடமே கெடைக்கலையா உங்களுக்கு?"

"கெடைக்கல ஐயா," என்றாள் பஞ்சக்கா, இந்தத் தடவை நிறுத்தாமல் ஒரே மூச்சில். "ஆண்டவர் சும்மா குடுத்த காத்த நீங்க ஜன்னலோட சேத்து சாத்திட்டீங்க. அதான், அவர் வீட்டுக்கே வந்து கேட்டு வாங்கிக்கிறோம்."